சவுனாவில் இரண்டு ஸ்பீக்கர்

தம்பெரே, ஜனவரி 8

அன்புள்ள இல்போ அண்ணா,

இன்று காலை எழுந்ததும், காப்பிக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன்னால், அளவு நாடாவை எடுத்து ஓர் அறையை அளந்தேன். காப்பி குடிக்காமல் நான் எந்த வேலையும் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அதிலிருந்தே விஷயம் பெரிது என்று புரிந்துகொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இடது தோள் எப்படி இருக்கிறது?

போன வாரம் ஃபோனில் பதினோரு நிமிடம் பேசினோம். அதில் ஒன்பது நிமிடம் ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தோம். நமக்குக் கடிதமே சரி.

ஏரிக்கரைக் கோடை நாடகக் குழுவின் இயக்குநர் மார்கெத்தா, இந்த வருட நாடகத்தின் ஏழு பாட்டுகளுக்கும் மெட்டையும் பின்னணி இசையையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். உருளைக்கிழங்கு விவசாயிகள் வரி கட்ட மறுக்கிற கதை. ஏப்ரல் முடிவுக்குள் எல்லாவற்றையும் வீட்டுக் கணினியில் செய்து கொடுக்க வேண்டும். ஹெட்ஃபோனை மட்டும் நம்பி மிக்ஸிங் செய்ய முடியாது. ஸ்டூடியோ மானிட்டர் வேண்டும். பாட்டுக்குச் சர்க்கரை சேர்க்காமல், தப்பைத் தப்பென்றே காட்டிக்கொடுக்கும் ஸ்பீக்கர். என் கையில் இருநூற்றைம்பது யூரோ இருக்கிறது. பனி தள்ளும் லாரி ஓட்டப் போவதற்கு முன்னால் பதினைந்து வருடம் நடன மேடைகளில் ஒலி பார்த்தவன் நீ. எதை வாங்கட்டும்?

அறையின் நீளம் 2 மீட்டர் 20. அகலம் 1 மீட்டர் 80. சுவரெல்லாம் மரப்பலகை. ஜன்னல் இல்லை.

காலுறையை நன்றாக உலர்த்திப் போட்டுக்கொள்.

உன் தங்கை
தெர்ஹி

(உறையில் வைக்காமல் எடுத்துக்கொண்ட தாள்)

உண்மையில் அந்த அறை 1 மீட்டர் 96, 1 மீட்டர் 62. அது நீ பெஞ்சு போட்டுத் தந்த நீராவிக் குளியலறை, நம் சவுனா. மணமுறிவுக்குப் பின் நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எண்ணூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தாய். இரண்டு நாள், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல், மேலொன்று கீழொன்றாக அந்தப் பெஞ்சுகளைப் பொருத்திவிட்டுப் போனாய். அதன்மேல் ஸ்பீக்கர் வைக்கப்போகிறேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? ஆனால் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஹெல்லே அம்மாள், சத்தம் கேட்டால் சுவரை இடிக்கத் துடைப்பக்கட்டையோடு காத்திருக்கிறார். கூடத்து ஜன்னலுக்குக் கீழே ட்ராம். நான்கு பக்கமும் என் வீடே சூழ்ந்த ஒரே அறை சவுனாதான். சரியான அளவை எழுதினால் படித்த நொடியே கண்டுபிடித்துவிடுவாய் என்று நீளத்திலும் அகலத்திலும் ஒரு சாண் கூட்டி எழுதினேன்.

இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில். ‘சவுனாவைக் கிடங்காக்காதீர்கள், தீப்பிடிக்கும்’ என்கிற துண்டறிக்கையை எழுதியவளே நான்தான். சவுனாவைச் சூடாக்கும் கல் அடுப்பின் ஃபியூஸைக் கழற்றிக் கரண்டி டிராயரில் போட்டுவிட்டேன்.

⁂

சவுகொஸ்கி, ஜனவரி 19

தெர்ஹி,

இங்கே மைனஸ் முப்பத்தொன்று டிகிரி. தோள் இருக்கிறது.

எட்டு அங்குல ஸ்பீக்கர் வேண்டாம். உன் அறைக்கு அது யானை. ஐந்து அங்குலம் போதும். பெட்டியில் காற்று வரும் ஓட்டை முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் இருந்தால் சுவரில் முட்டி பேஸ் குழம்பிவிடும். இரண்டு ஸ்பீக்கரும் உன் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்கட்டும்.

நீ எழுதிய அளவை வைத்துக் கணக்குப் போட்டேன். உன் அறை எந்தெந்தச் சுரங்களை ஊதிப் பெருக்கும் என்று தனித்தாளில் இருக்கிறது. அவை பெரிதாகக் கேட்டால் நம்பாதே, கை வைக்காதே. பாட்டில் தப்பிருக்காது, அறைதான் பொய் சொல்லும். முடித்ததும் மெமரி ஸ்டிக்கில் அனுப்பு. லாரியில் போட்டுக் கேட்கிறேன். லாரியில் நன்றாகக் கேட்டால் எங்கேயும் நன்றாகக் கேட்கும்.

உன் வீட்டில் ஜன்னல் இல்லாத அறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அலமாரியா?

சவுனா எப்படி இருக்கிறது? மேல் பெஞ்சில் உட்காரும்போது சத்தம் ஏதும் வருகிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
இல்போ

⁂

தம்பெரே, பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

சளி பிடித்து விட்டுவிட்டது. உன் தோளும் இன்னும் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நேற்று கடைக்குப் போனேன். வெய்யோ என்பவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி.

“ரூம் எவ்ளோ பெருசு?”

“சின்னதுதான். ரெண்டு மீட்டர் வரும்.”

“என்ன மாதிரி இசை?”

“உருளைக்கிழங்கு.”

தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். ஐந்து அங்குல ஜோடி ஒன்றை வாங்கினேன். ஓட்டை பின்பக்கம்தான், திட்டாதே, தள்ளுபடியில் கிடைத்தது. உன் தாளில் உள்ள சுரங்கள் நீ சொன்னபடியே பெரிதாகக் கேட்கின்றன. நானும் நீ சொன்னபடியே நம்பவில்லை. ஒரே ஒரு தொல்லை. ட்யூபா, அந்தப் பெரிய பித்தளைக் கொம்பு, கீழ்ச்சுரத்துக்கு இறங்கும்போதெல்லாம் எங்கிருந்தோ ‘ட்ர்ர்ர்’ என்று ஓர் ஒலி. ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஒரு நடிகை மாதிரிக்குப் பாடிய குரலோடு மூன்று பாட்டுகள் இந்த ஸ்டிக்கில் இருக்கின்றன.

சவுனா அருமை. சனிக்கிழமை தவறுவதில்லை. பெஞ்சு பாறை மாதிரி இருக்கிறது.

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்.
தெர்ஹி

(எடுத்துக்கொண்ட தாள்)

கடையில் நடந்த பேச்சின் மீதி:

“மரப்பலகைச் சுவர், ஜன்னல் இல்ல, கண்ணாடிக் கதவுன்றீங்க. சவுனாவா?”

“இல்லல்ல. படிக்கிற ரூம்.”

“தரையில தண்ணி போற ஓட்டை இருக்கா?”

“இருக்கு.”

“படிக்கிற ரூம்ல?”

“ஆமா.”

“வெக்கப்படாதீங்க. இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. ஃபியூஸைக் கழட்டிட்டீங்களா?”

“கரண்டி டிராயர்ல இருக்கு.”

“அப்போ சரி. யாருக்குத் தெரியக்கூடாது?”

“அண்ணனுக்கு.”

“ஒருத்தருக்குப் பொண்டாட்டி, ஒருத்தருக்கு மாமியார். அண்ணன் இதுதான் முதல் தடவை.”

சனிக்கிழமைகளில் நகர நீச்சல்குளத்துப் பொதுச் சவுனாவுக்குப் போகிறேன். தவறுவதில்லை என்று எழுதியதில் பொய் இல்லை.

⁂

சவுகொஸ்கி, பிப்ரவரி 20

தெர்ஹி,

மைனஸ் இருபத்தெட்டு. தோள் வலி குறைந்திருக்கிறது.

ஸ்டிக் வந்தது. வேலைக்குப் போகும்போது லாரியில் போட்டேன். மூன்றாவது பாட்டில் ட்யூபா வந்ததும் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நினைத்து வண்டியை நிறுத்தினேன். இறங்கி, அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்னால் வந்த தபால்காரர் ஓஸ்மோவும் காரை நிறுத்தினார்.

“என்னப்பா ஆச்சு?”

“கியர்பாக்ஸ்.”

“கியர்பாக்ஸ் இல்ல இல்போ. அது ஏதோ வாசிக்குது.”

இருவரும் வண்டியில் ஏறி முழுப்பாட்டையும் கேட்டோம். அதில் பாடுகிறவள் யாராவது உண்டா? ஓஸ்மோவுக்கும் கேட்கவில்லை.

மெட்டு நன்றாக இருக்கிறது. ஓஸ்மோ தபால் பெட்டிவரை அதை விசிலடித்துக்கொண்டே போனார்.

உன் ‘ட்ர்ர்ர்’ பதிவில் இல்லை. ஸ்பீக்கரில் இருக்கும், இல்லாவிட்டால் அறையில். அங்கே மரத்துண்டு ஏதாவது தளர்வாக இருக்கிறதா?

பெஞ்சு பாறை மாதிரி என்று எழுதியிருந்தாய். வலது ஓரமுமா?

சளியோடு குளிரில் அலையாதே.
இல்போ

⁂

தம்பெரே, மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

உடம்பு நலம், மனம்தான் சுமார். உனக்கும் ஓஸ்மோவுக்கும் வணக்கம்.

ஐந்து அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்து மூன்று அங்குலம் வாங்கினேன். இரண்டு சோப்புப் பெட்டி அளவுதான். பேஸ் போதவில்லை என்று கூட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அதை மார்கெத்தாவிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். முதல் பாட்டு முடிந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“தெர்ஹி, உன் பாட்டுல ஒரு கரடி இருக்கு.”

“அது ட்யூபா.”

“நாடகத்துல கரடி இல்லையேம்மா. வேணும்னா எழுதிச் சேக்கறேன்.”

“சரி பண்ணித் தரேன்.”

“ஏப்ரல் முப்பது. அதுக்கு மேல முடியாது, நடிகருங்க பாடிப் பழகணும். முடியலைன்னா சொல்லிடு. போன வருஷப் பாட்டையே வார்த்தைய மாத்திப் பாடிக்கறோம். கோவிச்சுக்காத.”

கோபித்துக்கொள்ளவில்லை. பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி, நடந்து திரும்பி வந்தேன். இந்த வேலை எனக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது அது கையைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு கரடியிடம் தோற்க முடியாது.

உன் கணக்கில் எங்காவது பிசகு இருக்குமா? ஒருமுறை பார்த்துச் சொல்.

பெஞ்சு வலது ஓரமும் பாறைதான்.

தெர்ஹி

(எடுத்துக்கொண்ட தாள்)

சோப்புப் பெட்டிகளிலும் அதே ‘ட்ர்ர்ர்’. இரண்டு ஜோடிக்கும் ஒரே கோளாறு எப்படி வரும்? வெய்யோ இரண்டையும் கடையில் என் முன்னாலேயே போட்டுக் காட்டினார். சுத்தமாக இருந்தன. உன் கணக்கில் பிசகில்லை என்பது எனக்குத் தெரியும். பொய் அளவுக்குப் போட்ட சரியான கணக்கு அது. பெரிதாகக் கேட்டதை நம்பாதே என்றாய், நானும் நம்பவில்லை. அவை நிஜமாகவே பெரிதாக இருந்திருக்கின்றன. அறையின் மேல் பழி போட்டாயிற்று. பொய் சொன்னவள் நான்.

⁂

சவுகொஸ்கி, மார்ச் 12

தெர்ஹி,

மைனஸ் ஒன்பது. வெயில் கண்ணைக் கூசுகிறது. தோளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கில் தப்பில்லை. அளந்ததில்தான் தப்பு. ஈஸ்டருக்கு வருகிறேன், நானே அளக்கிறேன். சவுனாவைச் சூடாக்கி வை.

இல்போ

⁂

தம்பெரே, மார்ச் 17

அண்ணா,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் தாளையும் எடுத்து டிராயரில் வைத்துவிடுவேன்.

அறை 1 மீட்டர் 96, 1 மீட்டர் 62. இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

ஜனவரியிலிருந்து நம் சவுனாவைச் சூடாக்கவில்லை. கல்மேல் தண்ணீர் ஊற்றும் வாளியும் அகப்பையும் பால்கனியில் பனிக்கடியில் கிடக்கின்றன. மேல் பெஞ்சில் ஸ்பீக்கர்கள். எதிரே முக்காலியில் மடிக்கணினியோடு நான். உன் பெஞ்சு எனக்கு வேண்டாம் என்று இல்லை. அந்த இரண்டு நாளில் நீ செய்தது எனக்கு என்னவாக இருந்தது என்று இந்த ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதனால்தான் அங்கே ஸ்பீக்கர் வைத்ததையும் சொல்ல வாய் வரவில்லை.

கோபமாக இருந்தாலும் வா. திட்டுவதற்காகவாவது வா. திட்டினால் நாம் பேசியதாகவும் ஆகும்.

உன் தோள் நலமா?

தெர்ஹி

⁂

தம்பெரே, ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ நலமா என்று நான்கு வாரமாகத் தெரியவில்லை. சாலை நிலவரத்தில் சவுகொஸ்கிப் பக்கம் பனி ஒழுங்காகத் தள்ளப்பட்டிருக்கிறது என்று போட்டிருந்தார்கள். அதை வைத்து நீ உயிரோடு இருக்கிறாய் என்று முடிவு கட்டினேன்.

ஈஸ்டர் போய்விட்டது. உனக்காக வாங்கிய ஈஸ்டர் களி இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஜன்னலில் நின்று வேன் வருகிறதா என்று பார்த்தேன். நான் பார்த்தேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

நீ முன்பு எழுதிய முறையை வைத்து, சரியான அளவுக்கு நானே கணக்குப் போட்டேன். வெய்யோ மூன்றாவது ஜோடியைக் கொடுத்தார். நாலரை அங்குலம், ஓட்டை முன்பக்கம். “இதையும் திருப்பிக் கொண்டாந்தீங்கன்னா நான் உங்க வீட்டுக்கே வந்து சவுனாவுல உக்காந்துடுவேன்” என்றார். இதுதான் சரி, அண்ணா. குரல் நடுவில் நிற்கிறது, கரடி ட்யூபா ஆகிவிட்டது. ஆனால் அந்த ‘ட்ர்ர்ர்’ போகவில்லை. அது ஒலிக்கும்போது ட்யூபாவை எவ்வளவு வைப்பது என்று என்னால் தீர்மானிக்கவே முடியவில்லை. விளக்கு, கதவுக் கீல், அடுப்புக் கல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டேன். இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது.

ஒரு வரி எழுது.

தெர்ஹி

⁂

சவுகொஸ்கி, ஏப்ரல் 21

தெர்ஹி,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம் என்று எழுதலாம், ஆனால் பனி குறைந்துவிட்டது.

ஈஸ்டருக்குக் கிளம்பினேன். ரோவனியெமிவரை வந்தேன். பெட்ரோல் பங்கில் இரண்டு காப்பி குடித்தேன். திரும்பிவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை. நீ சவுனாவில் முயல் வளர்த்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. வந்தால் அந்தப் பெஞ்சைப் பார்க்க வேண்டியிருக்கும், அதுதான் காரணம்.

பெஞ்சு குட்டை. நான்கு சென்டிமீட்டர்.

ஒரே தாளில் இரண்டு அளவு எழுதி வைத்திருந்தேன். ஒன்று உன் சவுனா. இன்னொன்று என்னுடையது, எனக்கும் புதுப் பெஞ்சு போடலாம் என்று அப்போது ஒரு நினைப்பு இருந்தது. மரத்தை இங்கேயே அறுத்து எடுத்து வந்தேன். உன் வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் என் அளவுக்கு அறுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. நீ சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாய். அழுதுகொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். பெஞ்சு நான்கு சென்டிமீட்டர் குறைகிறது என்று சொல்வதற்கான நாளாக அது இல்லை. மேல் பெஞ்சின் வலது ஓரத்தில், சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு மரச்சட்டத்தைச் செருகி அடித்தேன். ஸ்க்ரூ போடவில்லை, கையில் இல்லை. ஆறு வருடமாக நீ எப்போது கண்டுபிடிப்பாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அடியில் கையை விட்டு இழுத்துப் பார். வந்துவிட்டால் ‘ட்ர்ர்ர்’ அதுதான்.

ஜூனில் வருகிறேன். சூடு தாங்கும் ஸ்க்ரூ, சாதாரண ஸ்க்ரூ, இரண்டும் கொண்டுவருகிறேன். சவுனாவா, இசையா என்று நீ சொல். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் இன்னும் பழைய பலகையில்தான் உட்காருகிறேன். பழகிவிட்டது.

அன்று எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை, தெர்ஹி.

இல்போ

⁂

தம்பெரே, மே 2

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறேன், இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன். உன் தோளை இனிமேல் லாரிக்கு அடியில் கொண்டுபோகாதே.

உன் கடிதத்தை வாசற்படியிலேயே படித்தேன். ஷூவைக் கழற்றாமல் உள்ளே போனேன். சட்டம் இரண்டு விரலில் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே ட்யூபாவைப் போட்டேன். சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு சிரிப்பாக இல்லாமல் கொஞ்ச நேரம், பிறகு மறுபடியும் சிரித்தேன். இரண்டு ஜோடி ஸ்பீக்கரைக் குற்றம் சொன்னேனே!

வெய்யோவிடம் போய்ச் சொன்னேன். “சட்டமா?” என்றார். “ரெண்டு ஜோடியையும் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பிட்டேங்க நான். ‘கோளாறு எதுவும் இல்லை, உங்கள் வாடிக்கையாளரைச் சோதிக்கவும்’னு பதில் வந்திருக்கு.”

இருபத்தொன்பதாம் தேதி மார்கெத்தாவிடம் கொடுத்தேன். ஏழையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கரடி எங்க?”

“போயிடுச்சு.”

“கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு.” பிறகு, “நாலாவதை இன்னொரு தரம் போடு” என்றார். போட்டேன். “அடுத்த வருஷத்துக்கும் உன்னையே போட்டுக்கறேன். வேற எங்கயும் ஒத்துக்காத” என்றார். அண்ணா, வேறெங்கோ என்னைக் கூப்பிடக்கூடும் என்று ஒருவர் பயப்படுகிறார்!

ஜூன் இருபத்தேழு முதல் காட்சி. உனக்கு மூன்றாவது வரிசையில் இடம் சொல்லிவிட்டேன். ஸ்க்ரூவைப் பற்றி நீ வந்த பிறகு பேசலாம். காரில் வராதே, பெரிய வேனை எடுத்துக்கொண்டு வா. ஏன் என்று கேட்காதே.

கொசு மருந்தை மறக்காதே.

உன் தங்கை
தெர்ஹி

(எடுத்துக்கொண்ட தாள்)

வீட்டில் மாற்றம் செய்ய அடுக்ககச் சங்கத்திடம் அனுமதி கேட்கும் படிவம் மேசையில் இருக்கிறது. இருபது வருடமாக மற்றவர்கள் நிரப்பிய படிவங்களையே படித்துப் பழகிய எனக்கு, இதை நிரப்ப ஒரு மாலை முழுக்கத் தேவைப்பட்டது.

அகற்றப்படுபவை: கல் அடுப்பு ஒன்று, மரப்பெஞ்சு இரண்டு. பெஞ்சுகள் உன் வேனில் வடக்கே போகும். அவை உன் அளவு, அங்கே சட்டம் எதுவும் தேவைப்படாது. வேண்டாம் என்பாய். அவற்றில் உட்காரத்தான் நான் அங்கே வருவேன் என்று சொன்னால் ஏற்றிக்கொள்வாய்.

சவுனா இல்லாத வீட்டை இந்த ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள். ஹெல்லே அம்மாளுக்குத் தெரிந்தால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று மாடிப்படி முழுக்கச் சொல்வார். பரவாயில்லை, நான் இதை விற்கப்போவதில்லை.

கடைசிக் கட்டத்தில் ‘மாற்றத்துக்குப் பின் அறையின் பயன்பாடு’ என்று கேட்டிருந்தது. பென்சிலால் ‘பொருள் வைக்கும் அறை’ என்று எழுதினேன். அழித்தேன். ‘பொழுதுபோக்கு’ என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பிறகு பேனாவை எடுத்தேன்.

‘இசையமைப்பாளரின் பணியறை.’

மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன்.